சேரும் நாளுக்குள் ஒரு சட்டம்: ஐரோப்பிய ஒன்றியத்தின் புதிய உறுப்பு நாடுகளில் பாலினச் சமத்துவக் கொள்கை

2004 மே 1 அன்று எஸ்டோனியா ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தது. அந்நாட்டின் பாலினச் சமத்துவச் சட்டம் நடைமுறைக்கு வந்ததும் அதே நாளில்தான். சில ஆண்டுகளாக வருவதும் தேங்குவதுமாக இருந்த மசோதாவை நாடாளுமன்றம் ஏப்ரல் 7ஆம் தேதி ஏற்றது. சேர்வதற்கு அப்போது மூன்றரை வாரமே மீதி. அரசுக்கு ஆலோசனை சொல்லப் பாலினச் சமத்துவ மன்றம் ஒன்று அமைக்கப்பட வேண்டும் என்பது அச்சட்டத்தின் விதிகளுள் ஒன்று. அந்த மன்றம் அமைந்தது 2013இல். இடைப்பட்ட 2007இல் எஸ்டோனியாவில் ஆண், பெண் ஊதிய இடைவெளி ஏறத்தாழ 30 விழுக்காடு. ஒன்றியத்திலேயே அதுதான் மிக அதிகம்.

இந்தத் தேதிகளைச் சேர்த்து வாசிக்கும் ஆய்வாளர் பலர் வரும் முடிவு ஒன்று உண்டு: கிழக்கு ஐரோப்பியச் சமூகங்கள் பழமையில் ஊறியவை, அங்கே சட்டம் வந்தாலும் மனம் மாறவில்லை. இந்த விளக்கத்தை நான் ஏற்கவில்லை. சேர்க்கைப் பேச்சுவார்த்தையில் ஒன்றியம் எவற்றைக் கேட்டதோ அவை கிடைத்தன. எவற்றைக் கேட்கவில்லையோ அவை கிடைக்கவில்லை. சட்டவாசகத்தைக் கேட்டது. அச்சட்டத்தை நடத்தும் அமைப்பின் உறுதியையும், அதற்கான பணத்தையும், குழந்தை வளர்ப்புச் சுமையைப் பகிரும் ஏற்பாட்டையும் கேட்கவில்லை. சமத்துவம் வேர்விட்ட இடங்களில் அதை வேர்விடச் செய்தவர்கள் பெரும்பாலும் அந்தந்த நாட்டுப் பெண்களே.

கேட்டது ஏன் இவ்வளவு குறுகியதாக இருந்தது? விடை 1957 ரோம் ஒப்பந்தத்தில் இருக்கிறது. சம வேலைக்குச் சம ஊதியம் என்று அதன் 119ஆம் விதி சொன்னது. ஏற்கெனவே சம ஊதியச் சட்டம் வைத்திருந்த பிரான்ஸ், மற்ற நாடுகள் மலிவான பெண் உழைப்பைக் கொண்டு தன் நெசவாலைகளைத் தோற்கடித்துவிடும் என்று அஞ்சியதாலேயே அந்த விதி ஒப்பந்தத்தில் ஏறியது. சந்தைப் போட்டியைச் சீராக்கப் பிறந்த விதி அது. சபேனா விமான நிறுவனத்தில் பணிப்பெண்ணாக இருந்த கேப்ரியல் டெஃப்ரென் தொடுத்த வழக்கில், 1976 ஏப்ரல் 8 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் அவ்விதியைத் தனிமனிதர் எவரும் உள்நாட்டு நீதிமன்றத்தில் நேரடியாகக் கோரலாம் என்றது. அந்தக் காலம் தொடங்கி, உறுப்பு நாடுகள் தம் சட்டமாக மாற்றிக்கொள்ளக் கடமைப்பட்ட நெறியாணைகள் வரிசையாக வந்தன: ஊதியம், பணிநியமனம், சமூகக் காப்பு, கர்ப்பிணித் தொழிலாளர் பாதுகாப்பு, பெற்றோர் விடுப்பு, மெய்ப்பிக்கும் பொறுப்பு. எல்லாம் வேலைவாய்ப்பைச் சுற்றியே வந்தன. பாலினப் பார்வையை எல்லாக் கொள்கைகளிலும் கலக்க வேண்டும் என்று 1999இல் நடப்புக்கு வந்த ஆம்ஸ்டர்டாம் ஒப்பந்தம் சொன்னது உண்மைதான். ஆனால் சேர்க்கைப் பேச்சுவார்த்தை நடந்த 31 அத்தியாயங்களில் பாலினச் சமத்துவம் இருந்தது பதின்மூன்றாம் அத்தியாயமான சமூகக் கொள்கையின் ஒரு மூலையில். வேளாண்மை மானியத்தைப் பேசும்போதோ போட்டிச் சட்டத்தைப் பேசும்போதோ பெண்களை யாரும் நினைவுகூரவில்லை. 2001இலேயே சார்லட் பிரெதர்டன் இந்தக் குறையைச் சுட்டிக்காட்டி எழுதினார்.

எதிர்ப்பக்கத்தில், சேர வந்த நாடுகள் வெறுங்கையோடு வரவில்லை. பொதுவுடைமை ஆட்சிகள் பெண்ணைத் தொழிற்சாலைக்கு அழைத்தன, காப்பகங்களைக் கட்டின, கருக்கலைப்பைச் சட்டபூர்வமாக்கின (செளஷெஸ்குவின் ருமேனியா 1966இல் அதைத் தடைசெய்தது பெரிய விதிவிலக்கு). வீட்டுவேலையையும் பெண் தலையிலேயே விட்டன. சுதந்திரமான பெண்கள் இயக்கம் எதையும் வளரவிடவில்லை. 1989க்குப் பின் இந்த ஏற்பாட்டின் நல்ல பாதி முதலில் சரிந்தது. செக் நாட்டில் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான ‘யெஸ்லெ’ என்ற காப்பகங்கள் 1990 வாக்கில் ஆயிரத்தைச் சுற்றி இருந்தன. 2000களின் நடுவில் அவை அறுபதுக்கும் கீழ். இடத்தை நிரப்பியது மூன்று, நான்கு ஆண்டுகள் நீளும் பெற்றோர் விடுப்பு. எடுத்தவர் அநேகமாக எப்போதும் தாய்தான். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 33 விழுக்காட்டினருக்கு 2010க்குள் காப்பக இடம் வேண்டும் என்று 2002 பார்சலோனா உச்சிமாநாட்டில் ஒன்றியம் இலக்கு வைத்தது. ஆனால் அது இலக்கு. சேர்க்கைக்கு நிபந்தனை அன்று. பெற்றோர் விடுப்பு நெறியாணை குறைந்தது மூன்று மாதம் என்றே கேட்டதால், மூன்றாண்டு தரும் செக் நாடு அதில் முழு மதிப்பெண் வாங்கியது. பெண்ணை மூன்றாண்டு வேலைக்கு வெளியே நிறுத்தும் ஏற்பாடு ஒன்று சமத்துவத் தேர்வில் தேறிவிட்டது! இந்த ஒரு விவரம் போதும், வினாத்தாளே தவறு என்று காட்டுவதற்கு.

மால்டா இதற்கு நேர் எதிரான பாடத்தைத் தருகிறது. சேர்ந்த ஆண்டில் அங்கே மூன்றில் ஒரு பெண்ணே வேலையில் இருந்தார்; ஒன்றியத்தில் மிகக் குறைவு. நெறியாணைகள் அனைத்தையும் சட்டமாக்கிப் பத்தாண்டுக்குப் பின், 2014 ஏப்ரலில், வேலைக்குப் போகும் பெற்றோரின் குழந்தைகளுக்கு இலவசக் காப்பகத் திட்டத்தை அரசு தொடங்கியது. 2019இல் பெண்கள் வேலைவாய்ப்பு அறுபது விழுக்காட்டைத் தாண்டியது. வளர்ந்த பொருளாதாரத்துக்கும் இதில் பங்கு உண்டு. ஆனாலும் தாய்மார் வேலைக்குப் போகக் காப்பகம் திறந்த வழியை ஊதியச் சட்டம் திறக்கவில்லை.

போலந்தைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். 1956 முதல் இருந்த கருக்கலைப்பு உரிமையை 1993ஆம் ஆண்டுச் சட்டம் ஏறக்குறைய பறித்துவிட்டது. 2001இல் ஆட்சிக்கு வந்த இடதுசாரிகள் அதைத் தளர்த்துவதாகச் சொல்லியிருந்தார்கள். தளர்த்தவில்லை. 2002 தொடக்கத்தில் நூறு பெண்கள் ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்குத் திறந்த மடல் ஒன்று எழுதினார்கள். கவிஞர் விஸ்லாவா சிம்போர்ஸ்கா, திரைப்பட இயக்குநர் அக்னியெஷ்கா ஹாலந்து போன்றோர் அதில் கையெழுத்திட்டனர். ஒன்றியத்தில் சேரத் திருச்சபையின் ஆதரவைப் பெறுவதற்காக அரசு பெண்களின் உரிமையை விலையாகக் கொடுக்கிறது என்பது அம்மடலின் குற்றச்சாட்டு. சேர்க்கை உடன்படிக்கையின் இணைப்புகளைப் புரட்டினால் அந்தக் குற்றச்சாட்டுக்கு வலுச்சேர்க்கும் ஆவணங்கள் கிடைக்கின்றன. ஒழுக்கம், மனித உயிர்ப் பாதுகாப்பு தொடர்பான போலந்துச் சட்டங்களை ஒன்றிய ஒப்பந்தங்கள் தடுக்கா என்று போலந்து தனி அறிக்கை சேர்த்தது. மால்டா அதைவிடத் திடமாக, தன் கருக்கலைப்புச் சட்டத்தை எந்த ஒன்றிய விதியும் பாதிக்காது என்று ஒரு நெறிமுறையையே பெற்றது. பெண்களுக்கான விதிகளைக் கட்டாயமாக்கிய அதே உடன்படிக்கை, பெண் உடல் பற்றிய கேள்வியை வாசலுக்கு வெளியே நிறுத்தியது. 2020 அக்டோபர் 22 அன்று போலந்து அரசியலமைப்புத் தீர்ப்பாயம் மீதமிருந்த விதிவிலக்குகளில் மிக அதிகம் பயன்பட்டதையும் நீக்கியபோது, நகரந்தோறும் தெருவில் இறங்கிய பெண்களுக்கு ஒன்றியச் சட்டத்தில் பிடித்துக்கொள்ள ஒரு விதிகூட இல்லை.

போலந்தின் சமத்துவ அமைப்பின் கதையும் இதேதான். பெண்கள், ஆண்கள் சமநிலைக்கான அரசுப் பொறுப்பாளர் பதவியை 2001இல் இசபெலா யாருகா-நோவாட்ஸ்கா ஏற்றார். 2004இல் மக்தலேனா ஷ்ரோதா அவருக்குப் பின் வந்தார். 2005 நவம்பரில் புதிய வலதுசாரி அரசு பதவியேற்ற சில நாட்களுக்குள் அந்த அலுவலகமே மூடப்பட்டது. சமத்துவத்தை மேம்படுத்தும் அமைப்பு ஒவ்வொரு நாட்டிலும் இருக்க வேண்டும் என்ற 2002ஆம் ஆண்டு நெறியாணையின் கெடு முடிந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. ஒன்றியத்தின் வழக்கு மிரட்டலுக்குப் பின், 2010 டிசம்பரில்தான் போலந்து சமநடத்தைச் சட்டத்தை நிறைவேற்றியது. ஆனால் அதே மாதத்தில், ஒன்றியம் கேளாத வேறொன்றையும் போலந்து நாடாளுமன்றத்தின் கீழவை நிறைவேற்றியது. 2009இல் கூடிய பெண்கள் மாநாடு லட்சத்துக்கும் மேற்பட்ட கையெழுத்துத் திரட்டி ஒரு மக்கள் மசோதாவைக் கொண்டுவந்தது. அதிலிருந்து பிறந்ததே, கட்சிகளின் வேட்பாளர் பட்டியலில் ஒவ்வொரு பாலினத்தவரும் குறைந்தது 35 விழுக்காடு இருக்க வேண்டும் என்ற சட்டம். அடுத்த தேர்தலில் கீழவையில் பெண்கள் 20 விழுக்காட்டிலிருந்து 24 ஆனார்கள். அலுவலகத்தை மூடிய கட்சி 2015இல் தனிப் பெரும்பான்மையோடு திரும்பி வந்து எட்டாண்டு ஆண்டபோதும் அந்த இடஒதுக்கீட்டை நீக்கவில்லை. வெளியே இருந்து வந்தது ஒரு வாரத்தில் போயிற்று. உள்ளிருந்து எழுந்தது நின்றது.

செக் நாட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அங்கே பாகுபாட்டு எதிர்ப்புச் சட்டத்தை 2006இல் மேலவை நிராகரித்தது. 2008இல் குடியரசுத் தலைவர் வாட்ஸ்லாவ் கிளாவுஸ் கையெழுத்திட மறுத்துத் திருப்பி அனுப்பினார். 2009இல் அவர் மறுப்பை மீறி நிறைவேறியது. அதற்குள் நாடு உறுப்பினராகி ஐந்தாண்டு. கெர்தா ஃபால்க்னரும் உடனாய்வாளர்களும் 2008இல் வெளியிட்ட நூலில் செக், ஹங்கேரி, ஸ்லோவாக்கியா, ஸ்லோவேனியா நாடுகளை ‘செத்த எழுத்துகளின் உலகம்’ என்று வகைப்படுத்தினார்கள்: ஏட்டில் உண்டு, நடப்பில் இல்லை.

என் வாதத்துக்கு எதிராக வலுவான சான்றும் உண்டு. புதிய நாடுகள் ஒன்றியச் சட்டத்தை மீறிய வழக்குகள் பழைய நாடுகளைவிடக் குறைவு என்று உல்ரிச் செடெல்மையர் 2008இல் காட்டினார். ஏட்டுச் சட்டமும் சில சமயம் உயிர்பெற்று எழுகிறது. லாத்வியாவில் ஒரு நிறுவனத்தின் இயக்குநர் குழுவில் ஒரே உறுப்பினராக இருந்த பெண்ணை 2007 ஜூலையில் பங்குதாரர் கூட்டம் நீக்கியது. அவர் அப்போது 11 வாரக் கர்ப்பிணி. இயக்குநரை எப்போது வேண்டுமானாலும் நீக்கலாம் என்பது லாத்வியாவின் நிறுவனச் சட்டம். அவர் தொழிலாளி அல்லர் என்பது நிறுவனத்தின் வாதம். லக்சம்பர்க்கில் உள்ள ஐரோப்பிய நீதிமன்றம் 2010 நவம்பரில், பிறர் கட்டுப்பாட்டின்கீழ் ஊதியத்துக்காகப் பணிபுரிபவர் இயக்குநரானாலும் தொழிலாளியாகலாம், கர்ப்பத்தைக் காரணமாக்கி அவரை நீக்குவது பாகுபாடு என்றது. 2019 நவம்பரில் அதே நீதிமன்றம், பெண் நீதிபதிகளுக்கு 60, ஆண் நீதிபதிகளுக்கு 65 என ஓய்வு வயது வைத்த போலந்துச் சட்டத்தைச் சமஊதிய விதியின்படியே தவறு என்றது. நெசவாலைக்காக எழுதப்பட்ட விதி நீதித்துறையின் சுதந்திரத்தைக் காக்க வந்து நின்றது. இவற்றை நான் சிறிதாக எண்ணவில்லை. ஆனால் இரண்டுமே வேலை, ஊதியம் என்ற வட்டத்துக்குள் நடந்தவை. வழக்காட ஒருவர் துணிந்ததாலோ ஒன்றிய ஆணையம் முன்வந்ததாலோ நடந்தவை.

வட்டத்துக்கு வெளியே என்ன நடக்கும் என்பதை இஸ்தான்புல் உடன்படிக்கை காட்டியது. பெண்கள் மீதான வன்முறைக்கு எதிரான அந்த உடன்படிக்கையில் ஒன்றியம் தானே 2023 ஜூனில் சேர்ந்தபோது, அதற்கு ஒப்புதல் தராதிருந்த உறுப்பு நாடுகள் ஆறு: பல்கேரியா, செக், ஹங்கேரி, லாத்வியா, லித்துவேனியா, ஸ்லோவாக்கியா. ஆறும் 2004இலோ அதற்குப் பின்னரோ வந்தவை. பல்கேரிய அரசியலமைப்பு நீதிமன்றம் 2018 ஜூலையில் அவ்வுடன்படிக்கை நாட்டின் அரசியலமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. ‘ஜெண்டர்’ என்ற சொல்லே அங்கே வசைச்சொல்லாயிற்று. லித்துவேனியா இப்பட்டியலில் இருப்பது என் வாதத்தைச் சங்கடப்படுத்துகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். பேச்சுவார்த்தை தொடங்கும் முன்பே, 1998இல், பெண்கள், ஆண்கள் சமவாய்ப்புச் சட்டத்தைக் கொண்டுவந்து, அடுத்த ஆண்டே ஆணையர் அலுவலகத்தைத் திறந்த நாடு அது. முந்திக்கொண்டு சட்டம் இயற்றுவது உதவுகிறது, எல்லாவற்றிலிருந்தும் காப்பாற்றுவதில்லை. அமைப்புகளும் தப்பவில்லை: ஹங்கேரியில் 2005 முதல் தனித்து இயங்கிய சமநடத்தை ஆணையம் 2021 ஜனவரியில் குறைதீர்ப்பாளர் அலுவலகத்துக்குள் கரைக்கப்பட்டது.

2024 மே மாதத்தில் ஒன்றியம் சமத்துவ அமைப்புகளுக்கெனத் தனி நெறியாணைகள் இரண்டை ஏற்றது. அமைப்பு இருந்தால் மட்டும் போதாது, அது சுதந்திரமாகவும் போதிய ஆளும் பணமும் உடையதாகவும் இருக்க வேண்டும் என்று அவை சொல்கின்றன. கேட்கவேண்டிய கேள்வியைக் கேட்க இருபது ஆண்டுகள் ஆயின.

இப்போது வரிசையில் நிற்பவை உக்ரைன், மால்டோவா, மேற்கு பால்கன் நாடுகள். இஸ்தான்புல் உடன்படிக்கையில் 2011இல் கையெழுத்திட்ட உக்ரைன், ஏறத்தாழ பதினொரு ஆண்டு கழித்து 2022 ஜூன் 20 அன்று அதற்கு ஒப்புதல் தந்தது. மூன்று நாள் கழித்து அதற்கு வேட்பாளர் நாடு என்ற தகுதி கிடைத்தது. இந்நாடுகளைப் பற்றி எழுதவிருக்கும் ஆய்வாளர்களிடம் ஒரு வேண்டுகோள்: சட்டம் நிறைவேறிய தேதியோடு அட்டவணையை மூடிவிடாதீர்கள். சேர்ந்த பத்தாம் ஆண்டில் ஆணையர் அலுவலகத்துக்கு ஒதுக்கிய தொகை எவ்வளவு, காப்பகத்தில் இடம் கிடைத்த குழந்தைகள் எத்தனை பேர், வழக்காட வந்த பெண்ணுக்கு வழக்கறிஞரை யார் கொடுத்தது என்று தேடிப் பாருங்கள்.