நகமெலனோமாவில் விரல்காப்பு அறுவை: விளைவை எதைக்கொண்டு அளப்பது?

நகத்தடி மெலனோமாவை ஜோனதன் ஹட்சின்சன் 1886இல் விவரித்தார். அதன்பின் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு, விரலைத் துண்டிப்பதே இந்நோய்க்கு முறையான சிகிச்சையாகக் கொள்ளப்பட்டது. எலும்பை எட்டாத கட்டிகளில் விரலைக் காப்பதே முதல் தெரிவாக வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம். ஆனால் அதற்கு வழக்கமாகக் காட்டப்படும் உயிர்வாழ்வு ஒப்பீடு வலுவான சான்றன்று. வலுவான காரணம் வேறிடத்தில் உள்ளது.

துண்டிப்பின் தர்க்கம் உடற்கூற்றில் வேரூன்றியது. நகப்படுகைக்கு அடியில் கொழுப்படுக்கு இல்லை. நகமூலத்துக்கும் விரலெலும்புக்கும் இடைவெளி ஏறத்தாழ 1 மி.மீ. மட்டுமே. விரல்காப்பு அறுவையில் நகம், படுகை, மூலம், சுற்றுத்தோல் அனைத்தும் எலும்பின் மேற்பரப்புவரை ஒரே தொகுதியாக அகற்றப்பட்டு, அவ்விடம் தோலொட்டால் மூடப்படுகிறது. பக்கவாட்டில் விளிம்பைக் கூட்டலாம். ஆழத்தில் எலும்பே எல்லை.

2003இல் ஜெர்மனியின் மெர்லே குழு வெளியிட்டது முதலான பின்னோக்கு ஆய்வுகள், இரு முறைகளுக்கும் இடையே உயிர்வாழ்வில் தெளிவான வேறுபாட்டைக் காட்டவில்லை. எனினும் இவற்றில் நோயாளிகள் குலுக்கல் முறையில் பிரிக்கப்படவில்லை. மெல்லிய கட்டிகள் விரல்காப்புக்கும், தடித்த, புண்பட்ட கட்டிகள் துண்டிப்புக்கும் செல்வதே மருத்துவ வழக்கம். நோயின் போக்கைப் பெரிதும் தீர்மானிப்பவை கட்டி ஊடுருவிய ஆழத்தைக் குறிக்கும் பிரெஸ்லோ தடிமனும் நிணநீர்க்கணு நிலையும். ஆதலால் இவ்வொப்பீடுகளில் அறுவையின் பங்கையும் தேர்வின் பங்கையும் பிரித்தறிவது கடினம்.

தவறு நேர்ந்தால் அதைத் திருத்த முடியுமா என்பதே உண்மையான வேறுபாடு. அதே இடத்தில் கட்டி மீண்டும் தோன்றினால் பின்னர் துண்டிக்கலாம். துண்டித்த பெருவிரலை மீட்க இயலாது. கையின் செயல்திறனில் சுமார் 40% பெருவிரலைச் சார்ந்தது என்பது பரவலாக ஏற்கப்பட்ட மதிப்பீடு.

இந்த வாதம் ஒரு நிபந்தனையின்மேல் நிற்கிறது: தாமதித்த துண்டிப்பு உயிருக்கு ஊறு செய்யக்கூடாது. ஜப்பானில் 2017இல் தொடங்கிய ஜே-நெயில் ஆய்வு, கட்டி எலும்பில் பரவாத 85 நோயாளிகளைச் சேர்க்கத் திட்டமிட்டது. அதே இடத்தில் மீளத் தோன்றுவதை முதன்மை அளவீட்டில் தோல்வியாக எண்ணாமல், பிற இடங்களில் மீளத் தோன்றுவதையே எண்ணுவது அதன் வடிவமைப்பு. மேற்கண்ட நிபந்தனையைச் சோதிக்க இது சரியான கேள்வி. ஆனால் ஒப்பீட்டுக் குழு இல்லாத ஒற்றைக்கர ஆய்வு என்பதால், உள்ளிட மறுதோற்றமும் பின்னாளில் நிகழும் துண்டிப்பும் முதன்மை முடிவுக்கு இணையாக வெளிப்பட வேண்டும்.

விரல் எஞ்சியிருப்பது மட்டும் வெற்றியாகாது. நகம் நிரந்தரமாகப் போய்விடுகிறது. குளிரில் வலி, தொடுவுணர்வுக் குறைவு, சிறு பொருளைக் கிள்ளி எடுப்பதில் இடர் ஆகியவை தொடரலாம். நகமூலத்தின் எச்சத்திலிருந்து நகமுட்கள் முளைத்தால் அகற்றல் முழுமையா என்ற ஐயமும் எழும்.

ஆகவே விளைவு அறிக்கைகள் உயிர்வாழ்வு, உள்ளிட மறுதோற்றம், பின்துண்டிப்பு, விரலின் பயன்பாடு ஆகிய நான்கையும் தடிமன்வாரியாகப் பிரித்துத் தர வேண்டும். அறுவைக்கு ஒப்புதல் பெறும்போதே, இரண்டாம் அறுவை தேவைப்படலாம் என்பதையும் நோயாளிக்குச் சொல்லியாக வேண்டும்.