பாறையும் பட்டமும்

கல்கத்தாவில் வாழும் தமிழர்களுள் சிலர், செயின்ட் ஜான்ஸ் தேவாலயத்தின் தோட்டத்திலுள்ள ஜாப் சார்னாக்கின் கல்லறையைக் கண்டிருத்தல் கூடும். அந்நகரைத் தோற்றுவித்தவர் அவரே என்று நெடுங்காலம் சொல்லி வந்தனர். அவ்வாறு கொள்வதற்கில்லை என்று 2003-ஆம் ஆண்டில் கல்கத்தா உயர்நீதிமன்றம் கூறிவிட்டது. அது வேறு கதை. நாம் இங்கே நோக்க வேண்டுவது அக்கல்லறையின் மேலுள்ள கருங்கல். அது வங்கத்துக் கல் அன்று. சென்னைக்கு அருகேயுள்ள பல்லாவரம், பரங்கிமலைப் பகுதியிலிருந்து கப்பலேறிச் சென்ற கல். 1893-ஆம் ஆண்டில் இவ்வகைப் பாறையை ஆராய்ந்த டாமஸ் ஹாலந்து என்னும் ஆங்கிலேயர், கல்லறைக்கு உரியவரின் பெயரால் இதற்குச் 'சார்னோகைட்' என்று பெயர் சூட்டினார். நம் ஊர்க் கல் வெளியூருக்குப் போய், வெளிநாட்டான் ஒருவன் பெயரில் உலகப் புகழ் பெற்றுவிட்டது!

அக்காலத்தில் ஓர் இந்தியர் இப்பணியைச் செய்திருக்க முடியாதா? அறிவுக் குறைவு என்று எவரும் சொல்ல இயலாது. அதைக் கற்பதற்கு இடமும், கற்றபின் செய்வதற்குப் பதவியும் அரிதாயிருந்தன என்பதே உண்மை.

இந்திய நிலவியல் ஆய்வுத்துறை 1851-ஆம் ஆண்டில், அயர்லாந்திலிருந்து வந்த டாமஸ் ஓல்தாமின் தலைமையில் தொடங்கியது. நிலக்கரி எங்கே கிடைக்கும் என்று தேடுவதே அதன் முதற் கவலை. ஆறு ஆண்டுகளுக்குப் பின் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களிலும் சர்வகலாசாலைகள் ஏற்பட்டன. எனினும் அவற்றில் இலக்கியத்திற்கும் சட்டத்திற்கும் வைத்தியத்திற்கும் கிடைத்த இடம் நிலவியலுக்குக் கிடைக்கவில்லை. 1873, 1874-ஆம் ஆண்டுகளில் ராம்சிங், கிஷன்சிங், ஹீராலால் என்னும் மூவரை ஆய்வுத்துறை பயிற்சியாளர்களாகச் சேர்த்துக் கொண்டது. பட்டம் கேட்காமல் வேலை கற்பித்தது நல்லதே. ஆனால் பட்டமில்லாதவர் எவ்வளவு கற்றாலும் உயர்பதவியின் வாயிலை அடைவது எளிதன்று.

அந்த வாயிலைத் தட்டியவர் பிரமத நாத போஸ். வங்காளத்தில் 1855-இல் பிறந்த இவர், கில்கிறிஸ்ட் உபகாரச் சம்பளம் பெற்று லண்டனுக்குச் சென்று விஞ்ஞானப் பட்டம் பெற்றார். பின்னர் அங்குள்ள அரசினர் சுரங்கக் கல்லூரியிலும் பயின்றார். 1880-ஆம் ஆண்டில் ஆய்வுத்துறையின் உயர் வரிசையில் அமர்ந்தார். அப்பதவிக்கு வந்த முதல் இந்தியப் பட்டதாரி இவரே. அப்போது துறைத்தலைவராயிருந்த மெட்லிகாட், இந்தியர்கள் சுயமான ஆராய்ச்சிக்குத் தகுதியற்றவர்கள் என்ற எண்ணம் உடையவர். அந்த எண்ணத்திற்கு நடுவேதான் போஸ் இருபது ஆண்டுகளுக்கு மேல் மலைகளிலும் காடுகளிலும் உழைத்தார். 1903-இல் தலைமைப் பதவி காலியானது. அது யாருக்குச் சென்றது? பத்தாண்டுகள் பின்னால் பணியில் சேர்ந்த ஹாலந்துக்கு. ஆம், நம் பல்லாவரத்துக் கல்லுக்குப் பெயரிட்ட அதே ஹாலந்துக்கு. ஹாலந்து சிறந்த விஞ்ஞானி என்பதில் ஐயமில்லை. ஆயினும் போஸுக்கு இழைத்தது நீதி என்று நாம் ஒப்புவதற்கில்லை. அவர் பதவியைத் துறந்து மயூர்பஞ்ச் சமஸ்தானத்துக்குச் சென்றார். அங்கே கோருமஹிசானி மலையில் இரும்புத் தாது மிகுந்திருப்பதை, 1904 பிப்ரவரி 24-ஆம் நாள் ஜாம்ஷெட்ஜி டாட்டாவுக்கு ஒரு கடிதத்தில் தெரிவித்தார். 1907-இல் டாட்டா இரும்பு எஃகுக் கம்பெனி பிறந்தது. ஜாம்ஷெட்பூரில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களின் வாழ்வுக்கும் அக்கடிதத்திற்கும் தொடர்பு உண்டு.

இதற்கிடையில் கல்வியும் மெல்ல வேர் ஊன்றியது. கல்கத்தா ராஜதானிக் கல்லூரியில் 1892-இல் நிலவியல் துறை தோன்றியது. 1907-இல் ஜம்முவின் கல்லூரியில் ஆசிரியராய்ச் சேர்ந்த டி. என். வாடியா, விடுமுறை நாட்களில் இமயமலைச் சரிவுகளையே பாடப்புத்தகமாகக் கொண்டார். அவர் 1919-இல் வெளியிட்ட 'இந்தியாவின் நிலவியல்' என்னும் நூல் பல தலைமுறை மாணவர்களுக்கு வழிகாட்டியது. 1926-இல் தன்பாத் சுரங்கக் கல்லூரி திறக்கப்பட்டது. இனி நிலவியல் கற்கக் கடல் கடக்க வேண்டும் என்ற கட்டாயம் தளர்ந்தது.

தஞ்சை மாவட்டத்தைச் சேர்ந்த எம். எஸ். கிருஷ்ணன் சென்னை ராஜதானிக் கல்லூரியில் நிலவியல் பயின்றவர். லண்டனில் ஆராய்ச்சிப் பட்டம் பெற்று 1924-இல் ஆய்வுத்துறையில் சேர்ந்தார். 1951-ஆம் ஆண்டில், அத்துறை தொடங்கி நூறாண்டு நிறைந்தபோது, அதன் முதல் இந்தியத் தலைவராக அவர் அமர்ந்தார். போஸுக்கு மறுத்த ஆசனம் அது.

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இவ்விடத்தில் ஒரு சங்கடம் நேர்கிறது. பழைய நூல்களில் இக்கலை பூகர்ப்ப சாஸ்திரம், இந்தியில் பூவிஞ்ஞான், தமிழில் நிலவியல், புவியமைப்பியல், மண்ணியல் என்று ஆளுக்கொரு சொல். புவியியல் என்று எழுதினாலோ பூகோளம் என்று வாசகர் எண்ணிவிடுவார். சொல் ஒருபுறமிருக்க, பொருளும் கிளைத்துவிட்டது. நிலவியலார், இப்பாறை எப்போது, எவ்வாறு உண்டாயிற்று என்று கேட்பர். நிலவியல் பொறியியலார், இது எவ்வளவு சுமை தாங்கும், அணையின் அடியில் நீர் கசியுமா என்று கேட்பர். பக்ரா அணையின் அடித்தளத்தில் களிப்பாறை குறுக்கிட்டபோது, அதைத் தோண்டியெடுத்துவிட்டுக் கான்கிரீட்டால் நிரப்ப வேண்டியதாயிற்று. 1967 டிசம்பரில் கொய்னாவில் நிகழ்ந்த பூகம்பம், அணை கட்டுவோருக்கு இவ்வறிவு எவ்வளவு அவசியம் என்பதைக் காட்டியது. நீரியலார் கேட்பதோ, பெய்த மழையில் எவ்வளவு ஓடியது, எவ்வளவு ஆவியாயிற்று, எவ்வளவு மண்ணுக்குள் இறங்கியது என்பது.

ரூர்க்கியில் பொறியியல் கல்லூரி 1847-லேயே ஏற்பட்டது. ஆனால் நீரியலுக்கெனத் தனி முதுநிலைப் படிப்பு அங்கே யுனெஸ்கோவின் உதவியுடன் 1972-இல்தான் தொடங்கியது. கட்டடப் பொறியியல் பயின்றவரும் நிலவியல் முதுகலைப் பட்டம் பெற்றவரும் அவ்வகுப்பில் அருகருகே அமர்வர்: ஒருவருக்குக் கணக்கு எளிது, மற்றவருக்குப் பாறை எளிது. 1978-இல் தேசிய நீரியல் நிறுவனமும் ரூர்க்கியிலேயே அமைந்தது.

இன்று ஆய்வுத்துறையில் நிலவியலாராகவும் மத்திய நிலத்தடி நீர் வாரியத்தில் நிலத்தடி நீரியலாராகவும் சேர விரும்புவோர், உரிய முதுகலைப் பட்டத்துடன் மத்திய தேர்வாணையம் நடத்தும் ஒரே கூட்டுத் தேர்வை எழுத வேண்டும். முதன்மைத் தேர்வில் முதலிரண்டு தாள்கள் இருசாராருக்கும் நிலவியலே. மூன்றாவது தாளில்தான் பாதை பிரிகிறது. கல்லைப் படிக்க விரும்பியவர் நிலவியலையே தொடர்கிறார். கிணற்றைப் படிக்க விரும்பியவர் நிலத்தடி நீரியல் எழுதுகிறார்.