தரங்கம்பாடியில் தொடங்கிய ஐக்கியம்

1919 மே திங்களில் தரங்கம்பாடியில் 33 திருச்சபைத் தொண்டர்கள் கூடினர்; அவருட் பெரும்பாலோர் இந்தியர். மேனாட்டில் விளைந்த சபைப் பிரிவினைகளை நம்மவர் சுமக்க வேண்டுவதில்லை என்பது அவர்தம் துணிபு. அவர்க்கு முன்னின்றவர் வெள்ளாளன்விளையிற் பிறந்த அசரியா அவர்கள். 1912 முதல் தோர்ணக்கல் அத்தியட்சர். நம்மைப்போற் பிறமொழி நாட்டில் வாழ்ந்த தமிழர்!

நோக்கம் ஒன்றாயினும், அத்தியட்சர் கைவைத்துப் பட்டம் பெறாதார் திருவிருந்து நடத்தலாமோ என்னும் வினா எளிதில் தீரவில்லை. பேச்சு 28 ஆண்டுகள் நீண்டது. முடிவில், முன்னரே பட்டம் பெற்றோர் மீண்டும் பெறவேண்டா என ஆங்கிலிக்கர் இசைந்தனர். இனிவருவோர்க்கு அத்தியட்சரே பட்டமளிப்பார் என்பதை ஏனையோர் ஏற்றனர். இருசாராரும் இழந்தது சிறிதன்று.

அசரியா 1945 ஜனவரி 1இல் மறைந்தார். 1947 செப்டம்பர் 27இல் சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை மலர்ந்தது. நந்தியால் வட்டாரத்து ஆங்கிலிக்கர் பலர் மட்டும் அன்று புறத்தே நின்றனர்.