பான் அரசவையின் 1789-ஆம் ஆண்டு ஆணை: ஒரு குடிகாரத் தந்தையும் அவருடைய மகனும்

ரைன் ஆற்றின் இடக்கரையில் அமைந்த பான், இருபதாம் நூற்றாண்டில் மேற்கு ஜெர்மனியின் தலைநகராகப் பெயர் பெறுவதற்கு நெடுங்காலம் முன்பே ஓர் அரசவை நகரமாக இருந்தது. கொலோன் பேராயர்கள் சமயத் தலைவர்களாக மட்டுமின்றி அப்பகுதியின் ஆட்சியாளர்களாகவும் விளங்கினர். புனித ரோமானியப் பேரரசரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பெற்ற சிலருள் அடங்கியதால் அவர்கள் 'தேர்வாளர்' என்று அழைக்கப்பட்டனர். கொலோன் நகரம் அவர்களுடைய ஆளுகைக்கு உட்படாத தனி நகரமாக இருந்தமையால், பானில் அரண்மனை கட்டிக்கொண்டு அங்கிருந்தே ஆண்டனர். நகரின் பிழைப்பு அந்த அரண்மனையைச் சுற்றியே நடந்தது. சமையற்காரர் முதல் இசைக்கலைஞர் வரை அரசவைப் பணியாளர் எவருக்கும் சம்பள உயர்வோ, பணி விலகலோ, குடும்பத் தொல்லைக்குத் தீர்வோ வேண்டுமானால், தேர்வாளருக்கு விண்ணப்பம் எழுதி ஆணை பெறுவதே வழக்கம். ஒரு குடும்பத்தின் அந்தரங்கத் துயரம் அரசாங்கக் காகிதங்களில் இடம்பெற்று இன்றுவரை எஞ்சியிருப்பதற்கு இந்த வழக்கமே காரணம்.

அந்தக் குடும்பம் பீத்தோவன் குடும்பம். இன்றைய பெல்ஜியத்தின் மெஹெலன் நகரிலிருந்து வந்து 1733-இல் பான் அரசவையில் பாடகராகச் சேர்ந்த மூத்த லுட்விக், 1761-இல் அரசவை இசைக்குழுவின் தலைவராகிய 'கப்பெல்மைஸ்டர்' பதவியை அடைந்தார். அவர் இசைப்பணியோடு திராட்சை மது வணிகமும் நடத்தினார். அவருடைய மனைவியோ குடிப்பழக்கத்துக்கு ஆளாகி, கொலோனில் ஒரு கன்னிமாடத்தின் பொறுப்பில் விடப்பட்டு, 1775-இல் அங்கேயே இறந்தார் என்று சொல்லப்படுகிறது. இவர்களுடைய மகன் யோஹான் அதே அரசவையில் பாடகராக இருந்தார். தந்தை 1773 டிசம்பரில் இறந்தபின் அவருடைய பதவிக்கு ஆசைப்பட்டும் அது கிட்டவில்லை. யோஹானுக்கும் மரியா மக்தலேனாவுக்கும் பிறந்த ஏழு பிள்ளைகளுள் மூவரே வளர்ந்து ஆளாயினர்; அவர்களுள் மூத்தவரே 1770 டிசம்பர் 17 அன்று பானில் திருமுழுக்குப் பெற்ற இளைய லுட்விக், பின்னாளில் உலகறிந்த இசையமைப்பாளர்.

அந்த வீட்டில் நடந்தவற்றுக்கான சாட்சியங்கள் பெரும்பாலும் பிற்காலத்தவை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். பீத்தோவன் குடும்பம் குடியிருந்த ரைன்காஸெ தெரு வீடு ஃபிஷர் என்னும் ரொட்டிக்கடைக்காரருக்கு உரியது. அவருடைய மகன் காட்ஃபிரீட் ஃபிஷர், தம் அக்காள் சேசிலியாவின் நினைவுகளையும் சேர்த்துப் பல பத்தாண்டுகள் கழித்து எழுதிய குறிப்புகளில், சிறுவன் லுட்விக் இசைக்கருவியின் முன் ஒரு சிறு பலகைமேல் நின்றபடி அழுதுகொண்டே பயிற்சி செய்த காட்சி வருகிறது. 1779-இல் பானுக்கு வந்து அவர்களுடன் தங்கிய டோபியாஸ் ஃபைஃபர் என்னும் கலைஞரும் யோஹானும் மதுக்கடையிலிருந்து நள்ளிரவில் திரும்பி, தூங்கும் சிறுவனை எழுப்பி விடியும்வரை வாசிக்க வைத்தனர் என்பது உடன் பணியாற்றிய ஒரு செல்லோ கலைஞரின் நினைவு. இளவயது நண்பர் ஸ்டெஃபான் ஃபான் ப்ராய்னிங், போதையில் இருந்த தந்தையைக் காவலரிடமிருந்து மீட்க லுட்விக் பதைபதைத்து மன்றாடியதைப் பின்னாளில் நினைவுகூர்ந்தார். நினைவுகள் காலப்போக்கில் மிகைப்படக்கூடும். ஆயினும் ஒருவரையொருவர் பார்த்து எழுதியிராத இவர்கள் அனைவரும் ஒரே திசையைச் சுட்டுவதால், அந்தக் கொடுமையைப் பழங்கதை என்று ஒதுக்குவது நேர்மையாகாது.

உடன்காலச் சான்றுகளும் சில உண்டு. 1778 மார்ச் 26 அன்று கொலோனில் மகனை மேடையேற்றியபோது, ஏழு வயது கடந்த சிறுவனை ஆறு வயதினன் என்று யோஹான் விளம்பரம் செய்தார். மொசார்ட்டைப் போல் ஓர் அதிசயக் குழந்தையாகக் காட்டிப் பொருளீட்டும் நோக்கம் அதில் வெளிப்படையாகத் தெரிகிறது. 1784-இல் புதிய தேர்வாளர் மாக்ஸிமிலியன் ஃபிரான்ஸ் பதவியேற்றபோது தயாரான பணியாளர் அறிக்கை, யோஹானின் குரல் முற்றிலும் கெட்டுவிட்டதாகவும், அவர் நெடுநாள் பணிபுரிந்தவர், மிகவும் ஏழை என்றும் பதிவு செய்கிறது. பதின்மூன்று வயது மகன் அதே ஆண்டில் 150 ஃபுளோரின் சம்பளத்தில் இரண்டாம் ஆர்கன் கலைஞராக நியமிக்கப்பட்டார். தகப்பன் இறங்கும் படிகளில் பிள்ளை ஏறிக்கொண்டிருந்தார் என்று இதைச் சுருக்கிவிடலாம். ஆனால் ஏறியவருடைய தோளில் வீட்டுப் பாரமும் சேர்ந்தே ஏறியது.

1787-இல் வியன்னாவுக்குச் சென்ற லுட்விக், தாய் நோயுற்ற செய்தி கேட்டு விரைந்து திரும்பினார். ஜூலை 17 அன்று தாய் காசநோயால் இறந்தார். வழியில் தமக்குக் கடன் கொடுத்து உதவிய ஆக்ஸ்பர்க் நகரத்தவரான ஷாடனுக்கு அவர் செப்டம்பரில் எழுதிய மடலில், தம் உற்ற தோழியாக இருந்த தாயை இழந்த துயரம் நிறைந்திருக்கிறது. தந்தையைப் பற்றியோ, விரைந்து வரச்சொல்லி மடல் எழுதினார் என்பதற்கு மேல் குறையாக ஒரு சொல்லும் இல்லை. அந்த ஆண்டு நவம்பரில் கைக்குழந்தையான தங்கையும் இறந்தபின், குடியில் மூழ்கிய தந்தையும் இரண்டு தம்பிகளுமே அவ்வீட்டில் மிஞ்சினர்.

இந்நிலையில்தான் லுட்விக் தேர்வாளருக்கு விண்ணப்பித்தார். 1789 நவம்பர் 20 தேதியிட்ட ஆணை, யோஹானின் பணி இனித் தேவையில்லை என்றும், அவர் பானை விட்டு ஆட்சிப்பகுதிக்குள் ஏதேனும் ஒரு கிராமத்துக்குச் செல்ல வேண்டும் என்றும், அவருடைய 200 ரைஷ்ஸ்தாலர் (அக்கால வெள்ளி நாணயக் கணக்கு) சம்பளத்தில் பாதி மட்டும் அவருக்கும், மறுபாதியோடு ஆண்டுக்கு மூன்று அளவு தானியமும் தம்பிகளின் வளர்ப்புக்காக லுட்விக்குக்கும் சேரும் என்றும் கூறியது. பதினெட்டு வயதினர் சட்டப்படியே குடும்பத் தலைவரானார்.

ஆணை கையில் வந்தபின் நடந்தது அதைவிடக் கவனிக்கத்தக்கது. அதைக் கருவூல அலுவலகத்தில் காட்டப் புறப்பட்ட மகனிடம், குடும்பத்தைக் காக்கத் திறனற்றவன் என்று ஊரார் எண்ணிவிடுவார்கள், காட்டாதே என்று தந்தை கெஞ்சினார். காலாண்டுக்கு 25 ரைஷ்ஸ்தாலர் தாமே தருவதாக உறுதி கூறினார். மகன் இணங்கினார். யோஹான் ஊரைவிட்டு அனுப்பப்படவும் இல்லை, ஊரறிய இழிவுபடவும் இல்லை; ஒப்புக்கொண்ட தொகையையும் தவறாமல் கொடுத்துவந்தார் என்று பின்னாளில் லுட்விக்கே எழுதினார். கூர்ந்து பார்த்தால் இதில் மன்னிப்பும் இல்லை, பழிவாங்கலும் இல்லை. தம்பிகளின் சோற்றுக்கான பணத்தில் ஒரு காசும் விட்டுக்கொடுக்காத மகன், தந்தையின் முகத்தை மட்டும் காப்பாற்றினார். குடிகாரரிடம் பணமும் இருக்கக்கூடாது, மானமும் போகக்கூடாது என்று தவித்த எத்தனையோ குடும்பங்கள் தமிழ்நாட்டிலும் உண்டு; அவற்றுக்கு இந்த ஏற்பாடு புதிதாகத் தோன்றாது.

1792 நவம்பர் தொடக்கத்தில் லுட்விக் வியன்னாவுக்குப் புறப்பட்டார். அடுத்த மாதம் 18-ஆம் நாள் யோஹான் இறந்தார். பீத்தோவன் மறைவால் மதுவரி வருவாய் குறைந்துவிட்டது என்று தேர்வாளர் தம் அவை அலுவலருக்கு 1793 புத்தாண்டு நாளில் கேலியாக எழுதினார். மது விற்பனை வருவாயை அரசு பெரிதும் நம்பியிருக்கும் மாநிலத்தின் வாசகருக்கு அந்தக் கேலியின் கசப்பை விளக்கத் தேவையில்லை. தந்தையின் சம்பளப் பகுதியைப் பெறுவதற்காக லுட்விக் பழைய ஆணையைத் தேடியபோது, தந்தை அதை இல்லாமல் ஆக்கிவிட்டது தெரியவந்தது. புதிய விண்ணப்பத்தின்பேரில் 1793 மே மாதம் அவருக்கு உரியது வழங்கப்பட்டது.

குடிக்கு ஆளானவரின் பொறுப்பை அவரிடமிருந்து எடுத்துவிடும் இம்முறை அரசவையோடு அழியவில்லை. 1900-இல் நடைமுறைக்கு வந்த ஜெர்மானியக் குடிமைச் சட்டத்தின் 6-ஆம் பிரிவு, குடியால் தம் காரியங்களைக் கவனிக்க இயலாதவரை நீதிமன்றம் உரிமையற்றவராக அறிவிக்க இடமளித்தது. 1968-இல் கூட்டாட்சிச் சமூக நீதிமன்றம் குடியடிமைத்தனத்தை ஒரு நோய் என்று ஏற்றது. பானில் இருந்த நாடாளுமன்றம் 1990-இல் இயற்றி 1992 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்த பராமரிப்புச் சட்டம், அந்தப் பழைய உரிமைப் பறிப்பை ஒழித்தது. பிள்ளைகளுக்கு வன்முறையற்ற வளர்ப்புக்கான உரிமை சட்டத்தில் எழுதப்பட 2000-ஆம் ஆண்டுவரை காத்திருக்க வேண்டியிருந்தது.

வியன்னாவில் வாழ்ந்த பீத்தோவன் தந்தையைப் பற்றி மிகக் குறைவாகவே பேசினார். 1801-இல் பான் நண்பர் வேகெலருக்கு எழுதித் தம் பாட்டனாரின் ஓவியத்தை வரவழைத்து இறுதிவரை வைத்திருந்தார். அதே வேளையில், யோஹான் கையால் படியெடுத்த ஓர் இசைப்படைப்பின்மீது, இது தம் அன்புத் தந்தை எழுதியது என்ற பொருளில் குறித்தும் வைத்தார். இவ்விரண்டில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மகனின் மனத்தைத் தீர்மானிக்கும் நூல்கள் பல உண்டு. இரண்டும் ஒரே மனிதருடைய செயல் என்பதை அவை மறந்துவிடுகின்றன.

தம்பிகளுள் ஒருவர் 1815-இல் இறந்தபின் அவருடைய மகன் கார்லைத் தம் பொறுப்பில் கொண்டுவர, சிறுவனின் தாயோடு 1820 வரை பீத்தோவன் வழக்காடினார். அன்பும் கெடுபிடியும் கலந்த அந்தப் பொறுப்பு இருவரையும் வதைத்தது; 1826-இல் கார்ல் தன் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று பிழைத்தார். தந்தையிடம் பட்டதே பீத்தோவனை அப்படி நடக்கவைத்தது என்று நிறுவ இயலாது. ஆனால் ஒரு பிள்ளையை அடக்கியே ஆளாக்கலாம் என்ற நம்பிக்கை அவ்விரு வீடுகளிலும் காணப்படுகிறது.

இதற்கிடையே, பீத்தோவன் ஒரு பிரஷ்ய மன்னரின் மகன் என்ற வதந்தி 1810 அளவிலிருந்து அச்சிலும் வந்தது. குடிகாரத் தந்தையை வரலாற்றிலிருந்தே துடைத்துவிடும் அந்தக் கதையை அவர் நெடுங்காலம் மறுக்கவில்லை. வேகெலர் இதைச் சுட்டி எழுதியபின், 1826-இல் அனுப்பிய மறுமொழியில், தம் பெற்றோரின், சிறப்பாகத் தாயின், நேர்மையை உலகுக்கு அறிவிக்கும் பொறுப்பை நண்பரிடமே ஒப்படைத்தார். 1827 மார்ச் 26 அன்று பீத்தோவன் இறந்தார். வேகெலர் அந்த வதந்தியை மறுத்து எழுதிய நூல் 1838-இல் கோப்ளென்ஸ் நகரில் அச்சாயிற்று.