பள்ளிக்கூடம் முதல் புளோக்கின் கீழ்த்தளம் வரை: சிங்கப்பூர் வீவக பேட்டைகளில் பொதுவசதிகள்

சிங்கப்பூரின் அடுக்குமாடிப் பேட்டைகளில் திட்டமிட்டுக் கட்டிய பொதுவசதிகள் ஏராளம். ஆயினும் அண்டை அயலாரின் வாழ்வோடு மிகுதியாக ஒட்டிக்கொண்டது, இன்னதற்கு என்று குறிக்காமல் விட்டுவைத்த கீழ்த்தளம்தான் என்பது இக்கட்டுரையின் துணிபு. அந்த வெற்றிடத்தின் பொருள் விளங்க, அதற்கு முந்தைய திட்ட மரபைப் பார்க்க வேண்டும்.

நியூயார்க்கில் ரஸல் சேஜ் அறக்கட்டளையில் பணியாற்றிய கிளாரன்ஸ் பெரி, பிள்ளைகள் வீடு திரும்பிய பின் பூட்டிக் கிடக்கும் பள்ளிக் கட்டடங்களை ஊராருக்குத் திறந்துவிட வேண்டும் என்று 1910-லேயே நூல் எழுதியவர். 1929-ல் அவர் வகுத்த ‘அண்டை அலகு’ அந்த எண்ணத்தின் விரிவே. நடுவில் தொடக்கப்பள்ளி; அப்பள்ளியை நிரப்பும் அளவுக்குக் குடும்பங்கள்; ஏறத்தாழ 160 ஏக்கர் நிலம்; அதில் பத்தில் ஒரு பங்கு பூங்காவும் திடலும். கடைகள் ஓரத்தில், சாலைச் சந்திப்புகளில் அமையும். பெருஞ்சாலை எல்லையோடு நின்றுவிடுவதால் பள்ளிக்குப் போகும் பிள்ளை அதைக் கடக்க வேண்டியதில்லை. மோட்டார் வண்டிகள் பெருகிய காலத்தின் அச்சம் அந்த வரைபடம் முழுக்கத் தெரிகிறது. ஒத்த இனத்தாரையும் வருவாயினரையும் ஓரிடத்தில் அடைத்து மற்றவரை விலக்க இந்த அலகு கருவியாகிறது என்று 1940-களில் ரெஜினால்ட் ஐசக்ஸ் குற்றஞ்சாட்டினார். அது சரியான குற்றச்சாட்டு என்றே கருதுகிறேன்.

அமெரிக்கச் சிந்தனை பிரிட்டன் வழியாகச் சிங்கப்பூர் வந்தது. 1946-ன் புதுநகரச் சட்டத்தைத் தொடர்ந்து ஸ்டீவனேஜ், ஹார்லோ போன்ற நகரங்கள் அண்டைப் பகுதிகளாகப் பிரித்துத் திட்டமிடப்பட்டன. 1927-ல் உருவான சிங்கப்பூர் மேம்பாட்டு அறநிறுவனம் அதே பாணியில் 1950-களில் குவீன்ஸ்டவுனைத் தொடங்கியது. 1960 பிப்ரவரியில் பொறுப்பேற்ற வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்துக்கு (வீவக) நின்று நிதானிக்க நேரமில்லை. 1961 மே 25 அன்று புக்கிட் ஹோ ஸ்வீ பகுதியில் மூண்ட தீ ஏறத்தாழ 16,000 பேரை வீடற்றவராக்கியது. முதல் ஐந்தாண்டில் 50,000-க்கும் மேற்பட்ட வீடுகள் எழுந்தன. வீடு முதலில், வசதிகள் பிறகு என்பதே நடைமுறை. குவீன்ஸ்டவுனுக்குக் கிளை நூலகம் வந்தது 1970-ல்தான். கழகமே முழுக்கத் திட்டமிட்ட முதல் நகரான தோ பாயோவில் அண்டைப் பகுதிகளும் அவற்றின் கடைகளும் நகர மையமும் ஒரே படிநிலைக்குள் அமைந்தன. 1970-களின் இறுதியில் அண்டைப் பகுதியையும் சில நூறு வீடுகள் கொண்ட வட்டாரங்களாகப் பிரித்தார்கள். பெரியின் அலகு தமக்குப் பெரிதாகிவிட்டது என்பதை அவர்கள் அனுபவத்தில் கண்டிருக்க வேண்டும்.

தொடக்ககாலப் புளோக்குகள் பலவற்றில் தரைத்தளத்திலும் வீடுகளோ கடைகளோ இருந்தன. 1970-களில் தூண்களை எழுப்பித் தரைத்தளத்தைத் திறந்துவிடுவது பொதுவழக்கமாயிற்று; கீழ்த்தளம் என்பது அதுதான். வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்கலாம், காற்று வரும், பிள்ளைகள் ஓடியாடலாம். எதிர்பார்த்தது அவ்வளவே. அங்கே நடந்ததோ வேறு. சனிக்கிழமை பந்தல் போட்டு, பெரிய சட்டிகளில் சமைத்து, மலாய்க் குடும்பம் திருமணம் நடத்தும். அடுத்த வாரம் அதே தூண்களுக்கிடையே சீனக் குடும்பம் பல நாள் துக்கம் காக்கும். சதுரங்கக் கட்டம் பதித்த கல்மேசையில் முதியவர்கள் பிற்பகலைக் கழிப்பார்கள். பந்து விளையாடக் கூடாது என்ற அறிவிப்புப் பலகைக்கு நேர் கீழேயே பந்து உருளும். மின்தூக்கிக்கு அருகில் மாமா கடை இருக்கும்: தமிழர் பலர் நடத்திய பெட்டிக்கடை. நாளிதழ், ரொட்டி, மிட்டாய், கொக்கியில் தொங்கும் விளையாட்டுப் பொருள்கள், எல்லாம் சில சதுர அடிக்குள். எந்தச் சமூக மன்றமும் இத்தனை குடும்பங்களை அன்றாடம் ஒரே வாசலில் சந்திக்க வைத்ததில்லை.

1989-ல் வந்த இன ஒருங்கிணைப்புக் கொள்கை இந்தச் சந்திப்புக்கு இன்னொரு கனம் சேர்த்தது. ஒவ்வொரு புளோக்கிலும் ஓரினத்தார் எத்தனை விழுக்காடு வரை இருக்கலாம் என்று வரம்பு கட்டினார்கள். இந்தியர், பிறர் என்ற பிரிவுக்கு அப்போது 13 விழுக்காடு. தமிழர்கள் ஒரே புளோக்கில் திரண்டு வாழ வழியில்லை. வீட்டை விற்கும்போது வாங்குபவரின் இனம் பார்க்க வேண்டிய சங்கடமும் சிறுபான்மையினரையே கூடுதலாக அழுத்தியது. ஐசக்ஸ் கண்ட குறைக்கு நேரெதிர்த் திசையில் ஓர் அரசு போனதும், அதற்கு விலை இருந்ததும் ஒருங்கே பதிவாக வேண்டியவை.

கீழ்த்தளம் வெறுமையாகவே நீடிக்கவில்லை. 1978-ல் தொடங்கிய குடியிருப்பாளர் குழுக்களுக்கு அலுவலகம் தேவைப்பட்டது. பாலர் பள்ளிக்கும் முதியோர் நிலையத்துக்கும் இடம் தேவைப்பட்டது. ஒவ்வொன்றும் நியாயமான தேவைதான். ஆனால் சுவர் எழும்பிய இடத்தில் பந்தல் போட முடியாது. புதிய புளோக்குகளில் திறந்த தளம் சிறுத்து, விழாக்கள் தனிக் கூடாரக் கட்டடங்களுக்கு நகர்ந்தன.

2018-ல் முறைப்படித் திறக்கப்பட்ட கம்போங் அட்மிரல்ட்டி என்னும் குடியிருப்பு வளாகம், பெரி தரையில் பரப்பியவற்றைச் செங்குத்தாக அடுக்கியது. கீழே திறந்த பொதுத்திடல், அதன் மேல் உணவங்காடி நிலையம், மருத்துவ நிலையம், அவற்றுக்கும் மேலே முதியோருக்கான 104 வீடுகள். குழந்தைப் பராமரிப்பு நிலையமும் மூத்தோர் நிலையமும் அடுத்தடுத்து உள்ளன. பெரி அளந்தது தொடக்கப்பள்ளிப் பிள்ளையின் நடைதூரத்தை. இங்கே அளவுகோலாக இருப்பது முதியவரின் நடை. கீழேயுள்ள திடலை மட்டும் யாருக்கென்றும் ஒதுக்காமல் விட்டிருக்கிறார்கள்.