சீருடையில் வந்த பாடகிகள்

சில வருடங்களுக்கு முன், தொழிற்சாலையில் என்னருகே பெட்டி அடுக்கும் தம்பி ஒருவன் தேநீர் இடைவேளைகளில் கைத்தொலைபேசியில் ஒரு யப்பானிய விளையாட்டை ஆடுவான். பாடசாலைச் சீருடை அணிந்த ஒன்பது காட்டூன் சிறுமிகள் பாடுவர்; தாளம் தப்பாமல் இவன் விரலால் தட்டவேண்டும். இதில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். "அவையின்ர பள்ளிக்கூடத்தை மூடப்போகினம், அங்கிள்" என்றான்.

முன்னாள் விரிவுரையாளனுக்கு இந்தப் பதில் போதாதா? தேடிப் படித்தேன்.

விளையாட்டு 'லவ் லைவ்' என்ற கதையைச் சார்ந்தது. ரோக்கியோவில் ஒரு பெண்கள் பாடசாலை, சேர்வதற்குப் பிள்ளைகள் இல்லாமல் மூடப்படவுள்ளது. மாணவிகள் பாட்டுக்குழு அமைத்துப் பாடசாலையைக் காப்பாற்றுகிறார்கள். இது வெறுங் கற்பனையன்று. பிறப்புவீதம் வீழ்ந்த யப்பானில் 2002 தொடக்கம் 2020 வரை 8,500க்கு மேற்பட்ட அரச பாடசாலைகள் மூடப்பட்டன. எங்களுடைய பாடசாலைகள் வேறு காரணத்தால் வெறிச்சோடின. 1995 ஒக்ரோபரில் வலிகாமம் இடம்பெயர்ந்தபோது நான் மாணவன். எங்கள் வகுப்புக்குப் பிரியாவிடையும் இல்லை, குழுப்படமும் இல்லை.

சீருடைப் பாடகி புதியவளல்லள். யமகுச்சி மொமொயே 1973இல் பதினான்கு வயதில் பாடவந்தார். 1980இல், இருபத்தொரு வயதில், திருமணத்துக்காக மேடையை விட்டார். 1985இல் மாலைநேரத் தொலைக்காட்சியொன்று பள்ளி மாணவிகளைத் திரட்டி 'ஒன்யாங்கோ கிளப்' என்ற குழுவை அமைத்தது. குழுவை விட்டு விலகுவதை 'பட்டம்பெற்று வெளியேறல்' என்று சொல்லும் வழக்கம் அக்காலத்தில்தான் பரவியது. மேடையே பாடசாலையாயிற்று.

இதெல்லாம் சீருடை மீதுள்ள ஆண்களின் ஆசையே என்று நண்பர்கள் ஒதுக்குவர். அதில் உண்மை உண்டு, முழு உண்மையன்று. 2013 ஜனவரியைப் பாருங்கள். 'லவ் லைவ்' காட்டூன் தொடர் தொடங்கியது அம்மாதத்தில். ஏகேபி48 குழுவின் மினேகிஷி மினாமி ஓர் ஆணின் வீட்டில் தங்கினார் என்று சஞ்சிகையொன்று எழுத, அவர் தலையை மழித்துக்கொண்டு அழுது மன்னிப்புக் கேட்டதும் அதே மாதத்தில்தான். அவருக்கு இருபது வயது. வரைந்த பெண் வளரமாட்டாள், காதலிக்கமாட்டாள், மன்னிப்பும் கேட்கவேண்டியதில்லை. இரசிகனுக்கு இதைவிட வசதி வேறென்ன?

ஆயினும் அந்தக் கதை தன் பெண்களை வளரவிட்டது. மூத்த மூவர் பாடசாலையை விட்டுப் போகும்போது குழுவையே கலைத்துவிடுகிறார்கள். குரல் கொடுத்த நடிகைகளும் 2016 ஏப்ரல் முதலாந் திகதி ரோக்கியோ டோமில் இறுதிநிகழ்ச்சி நடத்தினார்கள்.

மெல்பேணும் இதை அறியும். இங்கு 1971 முதல் 1988 வரை ஜொனி யங் நடத்திய 'யங் ரலன்ற் ரைம்' நிகழ்ச்சியில் பாடிய சிறுவர்கள், பதினாறு வயதளவில் விலகிப் புதியவர்களுக்கு இடம்விட்டனர். 'குட்டி ரீனா' என்று நாடே கொஞ்சிய ரீனா அரீனா 1983இல் வெளியேறினார். அந்தக் 'குட்டி'யை உதற அவருக்குப் பத்துவருடம் பிடித்தது. 1995இல்தான் ஆண்டின் சிறந்த இசைத்தொகுப்புக்கான ஆரியா விருது கிடைத்தது.

தம்பியின் விளையாட்டு 2023 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. கடைசி நாள்வரை ஆடினானாம்.