கடலையும் பலாக்கொட்டையும் காட்டிய உண்மை

கன்னடக் கார்த்திகை மாதத்தின் கடைசித் திங்கட்கிழமையை ஒட்டி, பெங்களூரின் பசவனகுடியில் கடலைக்காய்த் திருவிழா நடைபெறுவதை அந்நகரில் வாழும் தமிழ் மக்கள் நன்கு அறிவர். அங்கே குவிகின்ற கடலையும், நம் ஊர்த் தோட்டங்களில் காய்க்கும் பலாவும் உயிரணுவைப் பற்றிய ஓர் அரிய உண்மையைக் காண விஞ்ஞானிகளுக்குத் துணை நின்றன. அவ்வரலாற்றில் பெங்களூருக்கு உரிய பங்கினை இங்கே காண்போம்.

உயிரணு ஒவ்வொன்றையும் கொழுப்புப் பொருளால் ஆன மெல்லிய சவ்வு ஒன்று போர்த்தியுள்ளது. அதன் மேல் புரதங்களும் சர்க்கரைச் சங்கிலிகளும் நிற்கின்றன. வெளியிலிருந்து வரும் மூலக்கூறுகள் இவற்றையே பற்றுகின்றன. ஆதலின் இவற்றை ஏற்பிகள் என்பர். 1888-ஆம் ஆண்டில் ஸ்டில்மார்க் என்பார், ஆமணக்கு விதையின் சாறு இரத்தச் சிவப்பணுக்களை ஒன்றோடொன்று ஒட்டித் திரளச் செய்வதைக் கண்டார். விதையிலுள்ள ஒரு வகைப் புரதம் அணுக்களின் மேலுள்ள சர்க்கரையைப் பற்றுவதே இதற்குக் காரணம் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. இவ்வகைப் புரதங்களுக்கு லெக்டின் என்று பெயர். இரண்டு அணுக்களை இணைத்துப் பிடிக்க இரண்டு கைகளேனும் வேண்டுமன்றோ? லெக்டின்களுக்கும் பல கைகள் உண்டு.

ஒரு கையின் பிடி தளர்வானது, விரைவில் நழுவிவிடும். கைகள் பலவாயின், ஒன்று நழுவினும் மற்றவை விடா. நழுவிய கையும் அருகிலேயே இருப்பதால் மீண்டும் எளிதிற் பற்றிக்கொள்ளும். ஆகவே நான்கு கைகளின் வலிமை ஒரு கையைப் போல் நான்கு மடங்கு அன்று. அதனினும் மிகப் பெரிதாகலாம்.

ஆயினும் ஓர் ஐயம் எழுகிறது. ஏற்பிகள் நட்ட கம்பங்களைப் போல் அசையாது நின்றால், எல்லாக் கைகளுக்கும் எட்டிய தொலைவில் அவை அமைவது எங்ஙனம்? இதற்கு விடை 1970-இல் கிடைத்தது. அமெரிக்காவில் ஃப்ரை, எடிடின் ஆகிய இருவர் மனித உயிரணுவையும் எலியின் உயிரணுவையும் ஒன்றாக இணைத்தனர். ஏறத்தாழ 40 நிமிடங்களில் இரண்டின் மேற்பரப்புப் புரதங்களும் தம்முள் கலந்துவிட்டன. ஏற்பிகள் கம்பங்கள் அல்ல, நீரில் மிதக்கும் தெப்பங்கள் என்பது இதனால் விளங்கிற்று. வந்த மூலக்கூறு ஒரு தெப்பத்தைப் பற்றி நின்றால் போதும்; மிதந்து வரும் பிறவற்றை ஏனைய கைகள் பற்றிக்கொள்ளும்.

அக்கைகளின் அமைப்பைக் காணும் பணி பெங்களூரில் நிகழ்ந்தது. சென்னைப் பல்கலைக் கழகத்தில் கொலாஜன் புரதத்தின் மும்முறுக்கு அமைப்பைக் கண்டு புகழ் பெற்ற ஜி. என். இராமச்சந்திரன், 1971-இல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் மூலக்கூறு உயிர் இயற்பியல் பிரிவைத் தோற்றுவித்தார். அப்பிரிவில் எம். விஜயன், அவதேச சுரோலியா ஆகியோரும் அவர்தம் குழுவினரும், புரதத்தைப் படிகமாக்கி எக்ஸ் கதிர்களைப் பாய்ச்சும் முறையால், 1994-இல் கடலை லெக்டினின் வடிவத்தையும், 1996-இல் பலாக்கொட்டையின் லெக்டினாகிய ஜாக்கலினின் வடிவத்தையும் வெளியிட்டனர். இரண்டும் நான்கு உறுப்புகள் கூடியவை. ஒவ்வோர் உறுப்பிலும் சர்க்கரையைப் பற்றும் இடம் ஒன்று உண்டு. புற்றுநோய் அணுக்கள் பலவற்றின் மேல் வெளிப்படும் ஒரு சர்க்கரையை இவ்விரண்டும் அடையாளம் காண வல்லவை என்பது இவ்வாய்வின் பெருமையை உயர்த்துகிறது.

கைகளைக் கண்டாயிற்று, தெப்பங்களின் நிலை யாது? அதே நகரின் தேசிய உயிரியல் விஞ்ஞான மையத்தில் சத்யஜித் மேயரும் அவருடைய மாணவர்களும் இதனை ஆராய்ந்தனர். ஃபோலிக் அமிலத்தைப் பற்றும் ஏற்பி போன்றவற்றில் ஒளிரும் சாயத்தை ஏற்றி, அவ்வொளியின் மாற்றத்தைக் கொண்டு, ஏற்பிகள் எவ்வளவு நெருங்கி நிற்கின்றன என்று அளந்தனர். அவற்றுள் ஒரு பகுதி நான்குக்கு மேற்படாத சிறு கூட்டங்களாய் நிற்பதும், எஞ்சியவை தனித்துத் திரிவதும் 2004-இல் வெளியாயின. இயற்பியலறிஞர் மதன் ராவின் துணையோடு நிகழ்ந்த ஆய்வின் பயனாக, சவ்வின் அடியிலுள்ள ஆக்டின் எனும் நுண்ணிழைகளின் இயக்கமே இக்கூட்டங்களைச் சேர்க்கிறது என்ற விளக்கம் 2012-இல் உருப்பெற்றது. உயிரணு வெறும் நீர்ப்பரப்பு அன்று; தன் தெப்பங்களைத் தானே செலுத்தும் துறைமுகம் எனலாம்.

இவ்வறிவு நோயின் வாயிலிலும் நமக்கு உதவுகிறது. காலரா எனும் வாந்திபேதிக்குக் கிருமி வெளியிடும் நஞ்சே காரணம் என்பதை 1959-இல் கல்கத்தாவில் சம்புநாத் டே மெய்ப்பித்தார். அந்நஞ்சு ஐந்து கைகளால் குடலின் அணுக்களைப் பற்றுகிறது என்பது பின்னர் அறியப்பட்டது. 2000-ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர்கள், அதனை நெருங்க ஒத்த நஞ்சு ஒன்றுக்கு எதிராக ஐந்து கிளைகள் கொண்ட செயற்கை மூலக்கூறுகளைப் படைத்தனர். ஆய்வுக்கூடச் சோதனையில் அவை தனிச் சர்க்கரையைவிடப் பல்லாயிரம் மடங்கு வலுவாக நஞ்சினைத் தடுத்தன. பல கைகளின் பிடியைத் தடுக்கவும் பல கைகளே வேண்டும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.